ஓஃப் றோட் வாகனத்தில் அதிர்வு அடக்கும் சாமான்கள்: எதைக் கழற்றலாம், எதைத் தொடக்கூடாது, எப்படிக் கழற்றுவது

டபிள் கப் ஒன்றையோ பழைய லான்ட் குறூசரையோ உயர்த்தி, பெரிய ரயர் போட்டு, அடியில் தகட்டுக் கவசம் பூட்டத் தொடங்கினால் விரைவிலேயே ஒரு சாமான் வழிமறிக்கும். சில்லுகளுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்சியலின் மூக்கிலோ கியர்பொக்ஸ் குறுக்குச் சட்டத்திலோ றபரோடு சேர்த்துப் பூட்டியிருக்கும் வார்ப்பிரும்புக் கட்டி அது. எதையும் தாங்காது, எதையும் சுற்றாது. ஆனால் பனங்குற்றியிலோ சுண்ணாம்புக் கல்லிலோ முதலில் இடிபடுவது அதுவாக இருக்கும். கராஜில் கேட்டால், "உது சும்மா பாரம் தம்பி, கழட்டி விடும்" என்பார்கள். பெரும்பாலும் அது சரிதான். ஆனால் அதே பேச்சை எஞ்சின் முன்முனையில் பெல்ட் ஓடும் கிறாங் புலிக்கும், டிஃபரன்சியலுக்கு விசை கொண்டுபோகும் புறொப் ஷாஃப்டின் றபர் இணைப்புக்கும், ஸ்ரியரிங் ஆட்டத்தை அடக்கும் டம்பருக்கும் நீட்டிவிட்டால் வாகனம் மட்டுமல்ல, ஆளும் ஆபத்தில் மாட்டுவார்.

யாழ்ப்பாணத்து மெக்கானிக்மாருக்கு "இது இல்லாமலும் ஓடும்" என்ற கணக்கு சும்மா வந்ததில்லை. போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது பெற்றோலும் இல்லை, சாமானும் இல்லை. மண்ணெண்ணெயில் கார் ஓட்டியவர்கள் எதை விட்டால் வண்டி நகரும் என்பதைக் கையாலேயே படித்தார்கள். அந்தக் கைத்திறன் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஆனால் அன்றைய ஒஸ்ரின், மொறிஸ் கார்களில் அதிர்வுக்கென்று தனியாக வைத்த சாமான்கள் மிகக் குறைவு. இன்றைய டீசல் வாகனம் அப்படியில்லை. எந்தச் சாமான் எந்த நடுக்கத்தைப் பிடித்து வைத்திருக்கிறது என்று பார்த்த பிறகுதான் ஸ்பனரை எடுக்க வேண்டும்.

முதலில் இரண்டு கேள்விகள்

ஒன்று: வாகனத்தை ஓட்டும் விசை, அல்லது அதைத் தாங்கும் விசை, இந்தச் சாமானுக்கு ஊடாகப் போகிறதா? பக்கத்தில் தொங்கும் கட்டிக்கு ஊடாக எதுவும் போவதில்லை. அதைக் கழற்றினால் மற்றதெல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கும். எஞ்சினைத் தாங்கும் மவுண்ட், றபர் இணைப்பு, பிளைவீல் போன்றவற்றுக்கு ஊடாக விசை போகிறது. அவற்றைக் கழற்றினால் அந்த இடத்தில் வேறொன்று வந்தே ஆகவேண்டும்.

இரண்டு: அந்த அதிர்வு அடங்காமல் போனால் துன்பப்படுவது காதா, இரும்பா? காது என்றால் உங்கள் பொறுமையைப் பொறுத்தது. இரும்பு என்றால் கழற்றக்கூடாது. கிறாங் புலி முதற் கேள்வியில் தப்பிவிடும், ஏனென்றால் அதன் வெளி வளையமும் றபரில் தொங்கும் ஒரு கட்டிதான். இரண்டாவது கேள்வியில் அது மாட்டிக்கொள்ளும். அதனால் இரண்டையும் கேட்க வேண்டும்.

அந்த இரும்புக் கட்டி என்ன செய்கிறது

ஊஞ்சலை அதன் தாளத்துக்கே தள்ளினால் சின்னப்பிள்ளை தள்ளினாலும் உயரப் போகும். பள்ளிக்கூடத்தில் பரிவு என்று படித்தது இதைத்தான். வாகனத்தின் ஒவ்வொரு பகுதிக்கும் இப்படி ஒரு சொந்த மீடிறன் உண்டு. டிஃபரன்சியல், அதைத் தாங்கும் அச்சு, சேசி, மேலுள்ள தகடு எல்லாவற்றுக்கும் உண்டு. ரயரோ ஷாஃப்டோ எஞ்சினோ அந்த மீடிறனில் தள்ளும்போது அது உறுமத் தொடங்கும். கம்பனிப் பொறியியலாளர் அந்த மீடிறனைக் கண்டுபிடித்து, அதே மீடிறனில் ஆடக்கூடிய ஒரு கட்டியை றபரில் தொங்கவிடுகிறார். பகுதி ஒரு பக்கம் போக, கட்டி எதிர்ப்பக்கம் இழுக்கும். ஒரு பெரிய ஆட்டம் இரண்டு சிறிய ஆட்டங்களாகப் பிரிந்துபோகும். ஹேர்மன் ஃப்ராம் என்ற ஜேர்மன் பொறியியலாளர் 1909 இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த யோசனை இது. 1911 இல் அமெரிக்காவில் காப்புரிமை கிடைத்தது.

இலக்கத்தில் பார்த்தால் இன்னும் தெளிவாகும். 265/70 ஆர் 16 ரயரின் விட்டம் ஏறத்தாழ 777 மி.மீ. மணிக்கு 70 கி.மீ. வேகத்தில் சில்லு செக்கனுக்கு 8 தரம் சுற்றும். டிஃபரன்சியல் விகிதம் 4.1 என்றால் புறொப் ஷாஃப்ட் செக்கனுக்கு ஏறத்தாழ 33 தரம் சுற்றும். ஷாஃப்டைக் கோணத்தில் சுற்றவிடும் சிலுவை இணைப்பான குறோஸ் ஜொயின்ற் ஒரு சுற்றுக்கு இரண்டு தரம் தள்ளும், ஆகவே 65 ஹெர்ட்ஸ். நாலு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 1800 சுற்றில் 60 ஹெர்ட்ஸில் இடிக்கும். இரண்டும் கிட்டக்கிட்ட நிற்கின்றன. ஏ 9 வீதியில் சீராக ஓடும்போது காதை அடைக்கிற அந்த "ஊம்ம்" ஓசை பிறப்பது இப்படியான இடத்தில்தான்.

ரயரை 285/75 ஆர் 16 ஆக மாற்றினால் விட்டம் 834 மி.மீ. ஆகும். முன்பு 70 இல் வந்த உறுமல் இனி 75 இல் வரும். ஆனால் கட்டி பழைய மீடிறனுக்கே இசைவாக்கப்பட்டது. டிஃபரன்சியலின் சொந்த மீடிறனும் ரயரோடு மாறவில்லை. அதனால் பெரிய ரயர் போட்டபின் கட்டி பயனற்றுப் போய்விடும் என்று சொல்வது பிழை. அது வேலை செய்யும் வேகம்தான் தள்ளிப் போகிறது.

கட்டியைக் கிறைண்டரால் வெட்டிச் சின்னதாக்கிவிட்டுத் திரும்பப் பூட்டுபவர்களும் உண்டு. திணிவு ஐந்தில் ஒன்று குறைந்தால் அதன் மீடிறன் 12 வீதம் ஏறும். பிறகு அது அடக்க வேண்டிய அதிர்வை அடக்காது, சும்மா பாரமாக மட்டும் நிற்கும். ஒன்றில் முழுதாக இருக்கட்டும், அல்லது முழுதாகக் கழற்றுங்கள். பழைய வாகனத்தில் றபரே காய்ந்து இறுகியிருந்தாலும் இதேதான் நடந்திருக்கும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று 2025 பெப்ரவரியில்தான் தனியாருக்குத் திறந்தது. எங்கள் றோட்டில் ஓடும் பெரும்பாலான ஜீப்புகளில் றபர் கிழடுதட்டியதற்கு அந்த இடைவெளியும் ஒரு காரணம். கட்டியைக் கையால் ஆட்டிப் பாருங்கள். றபர் வெடித்து உரிந்திருந்தால் அது எப்போதோ வேலையை விட்டுவிட்டது; கழற்றினாலும் வித்தியாசம் தெரியாது.

படி 1: கழற்றுமுன் அளந்து வையுங்கள்

பெரும்பாலானோர் தாண்டிப்போகும் படி இது. கழற்றியபின் ஏதோ சத்தம் கேட்கும்; அது முன்னமே இருந்ததா, புதிதா என்று சொல்ல யாராலும் முடியாது. அதற்காகத்தான் அளவு.

கொடிகாமத்திலிருந்து பளை தாண்டி ஆனையிறவுப் பக்கம் போகும் ஏ 9 நேரான, மட்டமான றோட்டு. ரயர் காற்றைச் சரிபார்த்து, கண்ணாடிகளை ஏற்றி, ஏசியை நிறுத்தி, 40 இலிருந்து 70 வரை ஐந்து ஐந்தாக வேகம் கூட்டிச் சீராக ஓட்டுங்கள். பக்கத்தில் இருப்பவர் எழுதட்டும்: எந்த வேகத்தில், எஞ்சின் எத்தனை சுற்றில், எங்கே நடுங்குகிறது. தரையா, ஸ்ரியரிங்கா, கண்ணாடியா என்றும் குறிக்கட்டும். ஓட்டுநர் எழுதவேண்டாம், போனைத் தொடவும் வேண்டாம்.

போனையே கருவியாக்கலாம். ஜேர்மனியின் ஆகன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இலவசமாகத் தரும் ஃபைஃபொக்ஸ் செயலியில் ஆர்முடுகல் நிறமாலை என்ற பகுதி உண்டு. சீட்டைத் தரையோடு பிடிக்கும் தண்டவாளத்தில் போனை ஒட்டி இறுக்கிப் பதியுங்கள். மடியில் வைத்தால் உங்கள் தொடைதான் டம்பர். பல போன்களின் உணரி செக்கனுக்கு 100 முதல் 200 தரம் வரைதான் அளக்கும். அதன் பாதிக்கு மேற்பட்ட மீடிறனை அது காட்டாது. அதற்கு மேல் வேண்டுமென்றால் அதே செயலியின் ஒலி நிறமாலையைப் பாருங்கள்.

நடுங்கும் வேகத்தில், முன்னும் பின்னும் வாகனம் இல்லாத இடத்தில், ஒரு கணம் நியூட்ரலுக்கு மாற்றுங்கள். எஞ்சினை நிறுத்த வேண்டாம், நிறுத்தினால் பிரேக்கும் ஸ்ரியரிங்கும் கல்லாகிவிடும். நடுக்கம் தொடர்ந்தால் காரணம் சில்லு, ஷாஃப்ட், டிஃபரன்சியல் பக்கம். உடனே மறைந்தால் எஞ்சின், கிளச், மவுண்ட் பக்கம். பிறகு வீட்டு வாசலில் நிறுத்தி, எஞ்சினை மட்டும் அதே சுற்றுக்கு ஏற்றிப் பாருங்கள். இந்த மூன்றையும் தாளில் எழுதித் திகதி போட்டு வையுங்கள்.

இப்போதே நடுக்கம் கூடுதலாக இருந்தால் கட்டியைத் தொடாதீர்கள். முதலில் சில்லு பலன்ஸ், குறோஸ் ஜொயின்ற், ஷாஃப்டின் பலன்ஸ் எடை, மவுண்ட் எல்லாவற்றையும் பாருங்கள். நோய் இருக்கும்போது மருந்தை நிறுத்துவதில்லை.

படி 2: அடியில் போய்த் தேடுங்கள்

பின் டிஃபரன்சியலின் மூக்கு, கியர்பொக்ஸ் பின்முனை, விசையை முன் பின் அச்சுகளுக்குப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸைத் தாங்கும் குறுக்குச் சட்டம், சேசித் தண்டின் முனை, சைலன்சர்க் குழாய். கட்டிகள் பெரும்பாலும் இந்த இடங்களில்தான் இருக்கும். எடையும் எண்ணிக்கையும் வாகனத்துக்கு வாகனம் மாறும். சில வாகனங்களில் ஸ்ரியரிங் வளையத்துக்குள் இருக்கும் எயார்பாக்கே டம்பர் கட்டியாகவும் வேலை செய்கிறது. அதைத் தொடவே வேண்டாம்.

கண்டுபிடித்ததும் போனில் நாலாபக்கமும் படம் எடுங்கள். பிறகு அந்தக் கட்டியின் பிடி வேறெதையும் பிடித்திருக்கிறதா என்று விரலை விட்டுத் தடவிப் பாருங்கள். பிரேக் குழாய், ஏபிஎஸ் வயர், ஹான்ட்பிரேக் கேபிள், டிஃபரன்சியலின் மூச்சுக்குழாய் இவற்றில் ஒன்று பல தடவை அதே பிடியில்தான் கட்டியிருக்கும். அவற்றுக்கு வேறு பிடி செய்யாமல் கழற்றினால் வயர் ஷாஃப்டில் உரசி அறும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். போல்ட் வார்ப்பு உடலுக்குள் போனால், உள்ளே எண்ணெய் இருக்கும் ஓட்டைக்குத் திறந்திருக்கக்கூடும். அந்த இடம் பூட்டாமல் விட முடியாத இடம்.

படி 3: வாகனத்தை நிறுத்துதல்

எங்கள் முற்றங்கள் பெரும்பாலும் மணல். ஜக் மெல்லமெல்லப் புதையும், ஆள் அடியில் இருக்கும்போது சாயும். சீமெந்துத் தரையே நல்லது. இல்லையென்றால் ஜக்குக்கும் ஸ்டாண்டுக்கும் கீழே தடித்த அகலப் பலகை வையுங்கள். சீமெந்துக் கல்லை அடுக்கி வாகனத்தை நிறுத்தவே கூடாது. அந்தக் கல் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் ஒரேயடியாக வெடிக்கும். ஜக்கை மட்டும் நம்பி அடியில் போவதும் அப்படியே. உயர்த்திய வாகனத்தில் அடியில் இடம் தாராளமாக இருப்பதால் பலர் ஜக் இல்லாமல் சில்லிலேயே நிறுத்தி வேலை செய்யலாம். அதுதான் ஆகப் பாதுகாப்பு. நாலு சில்லுக்கும் முட்டு வையுங்கள்.

பழைய டிஃபென்டர், முதலாவது டிஸ்கவரி வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு சொல். அவற்றின் ஹான்ட்பிரேக் சில்லில் இல்லை. டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்பக்கத்தில், புறொப் ஷாஃப்டைத்தான் பிடிக்கிறது. பின் ஷாஃப்டைக் கழற்றியவுடன் ஹான்ட்பிரேக் பின் சில்லைப் பிடிக்காது. முட்டு இல்லாவிட்டால் வாகனம் உங்கள் மேலால் உருளும்.

படி 4: கறள் பிடித்த போல்ட்

உப்புக் காற்றில் வளர்ந்த வாகனம் என்றால் நேரத்தின் பெரும்பகுதி இங்கேதான் போகும். பண்ணைப் பாலத்தால் தீவுப்பகுதிக்கு நாளும் போய்வரும் வாகனத்தின் அடிப்பாகத்தைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. முதல் நாள் நன்னீரால் கழுவுங்கள், உவர்க் கிணற்றுத் தண்ணீர் வேண்டாம். கம்பித் தூரிகையால் போல்ட்டின் திருகு நூலின் வெளிமுனையைச் சுத்தமாக்கி, ஊடுருவும் எண்ணெய் விட்டு இரவு முழுக்க ஊறவிடுங்கள். காலையில் இன்னொரு தரம் விடுங்கள்.

ஆறு முகச் சொக்கற்றையே பாவியுங்கள். பன்னிரண்டு முகச் சொக்கற் கறள் தின்ற தலையை உருட்டிவிடும். கழற்றும் பக்கம் இழுக்குமுன் இறுக்கும் பக்கம் மிக மெதுவாக ஒரு துளி அசையுங்கள். "டிக்" என்று கறள் உடைந்தால் பாதி வேலை முடிந்தது. பிறகு கால் சுற்றுக் கழற்று, எண்ணெய் விடு, திரும்ப இறுக்கு, மறுபடி கழற்று. பொறுமையில்லாமல் நீளக் குழாய் மாட்டி ஒரே இழுவையில் இழுத்தால் போல்ட் வார்ப்புக்குள்ளேயே முறியும். அதைத் துளைத்து எடுக்கும் கூலி, நீங்கள் மிச்சம் பிடிக்க நினைத்த எல்லாவற்றையும் விழுங்கும்.

காஸ் நெருப்புப் பிடிப்பது கராஜின் வழமையான கடைசி ஆயுதம். இங்கே வேண்டாம் என்பது என் உறுதியான எண்ணம். பக்கத்தில் றபர், எண்ணெய் சீல், பிரேக் குழாய், சிலதில் டீசல் குழாய். சீல் சுட்டால் எண்ணெய் கசியும். சில வகைச் சீல் றபர் எரிந்தால் வரும் பொருள் தோலையும் நுரையீரலையும் அரிக்கும்.

படி 5: இறக்குதலும் மூடுதலும்

கடைசிப் போல்ட்டைக் கழற்றுமுன் கட்டிக்கு அடியில் ஜக்கைக் கொடுத்துத் தாங்குங்கள். அளவில் சின்னதாகத் தெரியும், ஆனால் வார்ப்பிரும்பு. நேர் கீழே முகத்தை வைத்துக்கொண்டு கழற்றாதீர்கள்.

கட்டி போனபின் அந்த ஓட்டைகளுக்குப் பழைய போல்ட்டை அப்படியே திரும்பப் பூட்டுவது வழமையான பிழை. முன்பு போல்ட்டுக்கும் வார்ப்புக்கும் நடுவில் பிடியின் தடிப்பு இருந்தது. இப்போது அது இல்லை. அதே போல்ட் அடியில் போய் முட்டி, இறுகியது போலக் காட்டும், உண்மையில் இறுகியிருக்காது. சில இடத்தில் உள்ளே நீட்டிக்கொண்டு பல்லில் உரசும். பிடியின் தடிப்பை அளந்து, அந்த அளவு நீளம் குறைந்த, அதே நூல் இடைவெளி உள்ள, 8.8 தரமான போல்ட் வாங்குங்கள். எண்ணெய்க்குத் திறக்கும் ஓட்டை என்றால் நூலில் எண்ணெய் தாங்கும் பசை பூசிப் பூட்டுங்கள். இறுக்கத்துக்கு வாகனத்தின் வழிகாட்டிப் புத்தகம்தான் அதிகாரம். அது இல்லாதபோது, எஃகு நூலில் 10 மி.மீ. போல்ட்டுக்கு 45 நியூட்டன் மீற்றர், 12 மி.மீ.க்கு 80 என்பது பொதுக் கணக்கு. அலுமினிய உடலில் அவ்வளவு கொடுக்கக்கூடாது.

வெறும் இரும்பு தெரியும் இடமெல்லாம் நாக அடிப்பூச்சு, அதன் மேல் பெயின்ற், அதன் மேல் மெழுகு. கழற்றிய கட்டியை அதன் போல்ட்டுகளோடு ஒரு பையில் போட்டு, எந்த வாகனம், எந்தப் பக்கம், எந்தப் பக்கம் மேலே என்று எழுதி வையுங்கள். பழைய இரும்புக்காரருக்குக் கொடுக்காதீர்கள். புதிதாகத் தேடினால் கிடைப்பது அரிது.

படி 6: திரும்ப ஓட்டுங்கள்

அதே றோட்டு, அதே ரயர் காற்று, அதே வேகங்கள், போன் அதே இடத்தில். ஒரே நாளில் கட்டியையும் கழற்றி, ரயரையும் மாற்றி, ஸ்பிறிங்கையும் உயர்த்தினால் எது எதைச் செய்தது என்று தெரியாது. ஒன்றன்பின் ஒன்றாகச் செய்யுங்கள்.

ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் மெல்லிய உறுமல் கூடினால் அது எதிர்பார்த்ததுதான். பொறுக்க முடிந்தால் விட்டுவிடலாம். ஆனால் அடுத்த சில வாரங்களில் இவற்றைத் தேடிப் பாருங்கள்: டிஃபரன்சியல் மூக்கின் சீலில் புதிய எண்ணெய் ஈரம், சைலன்சர்ப் பிடி தளர்தல், தகட்டுப் பிடிகளில் முடி போன்ற வெடிப்பு, தானாகக் கழன்ற போல்ட். இதில் ஒன்று வந்தாலும் கட்டி திரும்பப் போகட்டும். அந்த இடத்தில் அது காதுக்காக மட்டும் இருக்கவில்லை என்று அர்த்தம்.

இடப்பற்றாக்குறைதான் சிக்கல் என்றால் இடம்மாற்றிப் பூட்டலாமா? கொஞ்சம் உயர்த்தலாம். ஆனால் அதிர்வு அதிகமாக ஆடும் இடத்திலிருந்து விலக விலகக் கட்டியின் பலன் குறையும். பிடி மெல்லிய தகடாக இருந்தால் பிடியே தனியாக ஆடும். நான் செய்வதென்றால் கட்டியை அப்படியே விட்டு, அதைச் சுற்றித் தகட்டுக் கவசத்தைத்தான் வெட்டி அமைப்பேன்.

புறொப் ஷாஃப்டின் றபர் இணைப்பு

டிஸ்கவரியின் முதல் இரண்டு தலைமுறைகளிலும் பின் ஷாஃப்ட் டிஃபரன்சியலில் சேரும் இடத்தில் குறோஸ் ஜொயின்ற் இல்லை. தடித்த றபர் வட்டம் உண்டு. கியர் இடியை அது மென்மையாக்கும். ஆனால் கோணத்தைத் தாங்காது. வாகனத்தை உயர்த்தியதும் அந்த றபர் ஒவ்வொரு சுற்றிலும் மடிந்து மடிந்து வெடிக்கும். ஓடும்போது அறுந்தால் ஷாஃப்ட் தரையில் அடித்து, பக்கத்தில் இருப்பதையெல்லாம் உடைக்கும். ஆகவே உயர்த்துபவர் இதைக் கழற்றுவது சரியான முடிவு. ஆனால் அந்த இடத்துக்கு நாலு போல்ட் விளிம்பும், இருபக்கமும் குறோஸ் ஜொயின்ற் உள்ள, நீளம் பொருந்தும் ஷாஃப்டும் வரவேண்டும்.

விளிம்பை மாற்ற மூக்கின் நடு நட்டைக் கழற்ற வேண்டியிருக்கும். அதற்குமுன் நட்டிலும் தண்டிலும் நேர்கோட்டில் புள்ளிக்குத்தி அடையாளம் வையுங்கள். சில டிஃபரன்சியல்களில் உள்ளே நசுங்கும் வளையம் ஒன்று பெயரிங்கின் இறுக்கத்தைத் தீர்மானிக்கும். அந்த வகையில் நட்டைக் கண்டபடி இறுக்கினால் பெயரிங் சுட்டுப்போகும். இது வீட்டு முற்றத்து வேலை இல்லை. டிஃபரன்சியல் தெரிந்த கை வேண்டும்.

பூட்டியபின் கோணம் பாருங்கள். குறோஸ் ஜொயின்ற் கோணத்தில் சுற்றும்போது ஷாஃப்ட் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு தரம் வேகமாகி மெதுவாகும். இருமுனைக் கோணங்களும் சமமாகவும், இரண்டு குறோஸும் ஒரே நிலையிலும் இருந்தால் ஒன்று மற்றதை அழிக்கும். றோட்டில் ஓடும் நிலையில் கோணம் 3 பாகைக்குள் இருந்தால் நல்லது. முழுப் பூச்சியமும் கூடாது. ஊசி பெயரிங் அசையாமல் ஒரே இடத்தில் குழி விழும். போனின் மட்டம் பார்க்கும் கருவியாலேயே அளக்கலாம்.

ஸ்ரியரிங் டம்பர்

முன் அச்சு ஒரே தண்டாக உள்ள ஜிம்னி, டிஃபென்டர், பழைய லான்ட் குறூசர்களில் ஸ்ரியரிங் கம்பிக்கு ஒரு கிடை ஷொக், அதாவது டம்பர், இருக்கும். முன்னால் தாழ நிற்பதால் குற்றியில் வளையும், பலர் கழற்றிவிடுவார்கள். கழற்றி ஓட்டாதீர்கள். ஆனால் கழற்றிச் சோதிப்பது நல்லது: டம்பரைப் பிரித்துவிட்டு, நின்ற இடத்தில், எஞ்சின் ஓட, ஒருவர் ஸ்ரியரிங்கைச் சிறிதாக இடம் வலம் ஆட்ட, மற்றவர் முன்பக்கத்தில் தள்ளி நின்று பார்க்கட்டும். கம்பி முனைகள், அச்சைப் பக்கவாட்டில் பிடிக்கும் தண்டின் புஷ், சில்லு திரும்பும் கிங் பின் பெயரிங் எதில் தளர்வு இருந்தாலும் கண்ணுக்குத் தெரியும். றோட்டில் சில்லு படபடவென்று அடிக்கும் நோய்க்குக் காரணம் அந்தத் தளர்வு. டம்பர் அதை மூடி மறைத்திருக்கும். தளர்வைத் திருத்திவிட்டு, டம்பரை அச்சுக்கு மேலே உயர்த்தும் பிடி ஒன்றால் திரும்பப் பூட்டுங்கள். மணற்காட்டுப் பக்கத்து மணற் பாதையில் காற்றைக் குறைத்து ஓடும்போது மணலுக்குள் ஒளிந்த வேர் ஒன்று போதும், டம்பர் இல்லாத ஸ்ரியரிங் கட்டைவிரலை முறிக்கும்.

கிறாங் புலி: தொடக்கூடாது

எஞ்சின் முன்முனைப் புலி பெல்ட் ஓட்ட மட்டும் இல்லை. ஒவ்வொரு வெடிப்பும் கிறாங் ஷாஃப்டை முறுக்கி விடுகிறது. அது திரும்ப அவிழும்போது ஆடும். ஒரு குறிப்பிட்ட சுற்றில் அந்த ஆட்டம் பரிவுக்கு வந்தால் உலோகம் களைத்து வெடிக்கும். புலியின் வெளி வளையமும் நடுவிலுள்ள றபரும் அதைத்தான் அடக்குகின்றன. எடை குறைந்த அலுமினியப் புலி போட்டால் எஞ்சின் துள்ளும் என்று விற்பார்கள். டீசல் எஞ்சினுக்கு அது வேண்டவே வேண்டாம். வளையத்துக்கும் நடுப்பகுதிக்கும் குறுக்கே வெள்ளைப் பெயின்ற் கோடு ஒன்று போட்டு வையுங்கள். ஒவ்வொரு சேர்விஸிலும் பாருங்கள். கோடு இரண்டாகப் பிரிந்து விலகியிருந்தால் றபர் விட்டுவிட்டது, புலியை மாற்றுங்கள்.

இரண்டு தட்டுக்கு நடுவில் ஸ்பிறிங் வைத்த இரட்டைத் திணிவு பிளைவீலை ஒற்றைத் திணிவுக்கு மாற்றுவது நடைமுறையில் உள்ள வேலைதான். ஸ்பிறிங் உள்ள கிளச் தட்டோடு முழுத் தொகுதியாக மாற்ற வேண்டும். சும்மா நிற்கும்போது கியர்பொக்ஸ் கடகடக்கும், அந்த இடி கியர்பொக்ஸுக்குப் போகும் என்பதைத் தெரிந்து செய்யுங்கள். எஞ்சின் மவுண்டுக்கும் வாகன உடலைத் தாங்கும் பொடி மவுண்டுக்கும் லொறி ரயரை வெட்டி வைக்கும் பழக்கத்தை விடுங்கள். உள்ளே நூலும் கம்பியும் ஓடும் ரயர்த் துண்டு கிட்டத்தட்ட இரும்பு மாதிரி. நடுக்கம் அப்படியே சேசிப் பிடிகளில் ஏறி, வெல்டிங் விளிம்பில் வெடிப்பாக வெளிவரும். ஸ்ரியரிங், ஷாஃப்ட் சம்பந்தப்பட்ட எந்த மாற்றத்தையும் காப்புறுதிக் கம்பனிக்கு முன்கூட்டியே அறிவியுங்கள்.

உள்ளே தரையில் ஒட்டிய தார்ப் பாய்கள்

இவற்றைப் பற்றி யாரும் பேசுவதில்லை, ஆனால் எங்கள் ஊரில் நான் முதலில் கழற்றச் சொல்வது இவற்றைத்தான். தகடு அதிராமல் இருக்கக் கம்பனி ஒட்டும் இந்தப் பாயின் விளிம்பு காலத்தோடு கிளம்பும். கடற்கரை மணலும் உப்புத் தண்ணீரும் காற்பாதத்தால் உள்ளே வந்து அந்த இடுக்கில் தங்கும். மேலே கம்பளம் உலர்ந்திருக்கும், அடியில் தகடு கறளால் சல்லடையாகும்.

சீட்டையும் கம்பளத்தையும் எடுத்துவிட்டு, சுடுகாற்றுத் துவக்கால் இளக்கி, அகலத் தகட்டால் சுரண்டுங்கள். மிச்சத் தாரை மண்ணெண்ணெய்த் துணியால் துடைக்கலாம். கதவெல்லாம் திறந்து, சுடுகாற்றுத் துவக்கை நிறுத்திக் குளிரவிட்ட பிறகு மட்டும். எயார்பாக்கின் மஞ்சள் வயரும் சீட்டுக்கு அடியில் போகக்கூடும். பட்டறியைக் கழற்றிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். தகட்டைக் கறள் போகத் தேய்த்து, எப்பொக்சி அடிப்பூச்சும் பெயின்றும் அடித்து, நன்றாகக் காய்ந்தபின் புதிய பியூட்டைல் றபர்ப் பாயை ஒட்டுங்கள். முழுத் தரையையும் மூடத் தேவையில்லை. ஒவ்வொரு தகட்டின் நடுப்பகுதியிலும் கால்வாசி மூடினாலே ஓசை அடங்கும். தகட்டைத் தட்டிப் பார்த்தால் "டங்" என்பது "டப்" ஆகும். சைலன்சருக்கு மேலுள்ள இடத்தில் மட்டும் வெப்பம் தாங்கும் பாயைப் போடுங்கள். விளிம்புகளை உருளையால் அழுத்தி ஒட்டி, வடிகால் அடைப்புகளைப் பாய் மூடாமல் வெட்டிவிடுங்கள். கடற்கரைப் பக்கம் போய்வந்த பிறகு அந்த அடைப்புகளைத் திறந்து நன்னீர் விட்டுக் கழுவி, தரை முழுக்கக் காய்ந்தபின்தான் கம்பளத்தைத் திரும்ப விரிக்க வேண்டும்.